ரிப்போர்ட் கனெக்ஷன் யார் பெயரில் இருக்கிறது?



போன எபிசோடின் கடைசியில் நேயர் ஒருவர் அனுப்பிய வாய்ஸ் நோட்டைப் போட்டோம், நினைவிருக்கும். "அண்ணா, காலைல ரிப்போர்ட்டைத் திறந்தா டேட்டாபேஸ் கனெக்ஷன் எரர்னு வருது. முதல்ல எங்க பார்க்கணும்?" என்று கேட்டிருந்தார். நேரம் இல்லாததால் ரெண்டு நிமிடத்தில் ஒரு பதிலைச் சொல்லி முடித்துவிட்டேன். சர்வர் ஓடுதா பாருங்க, பாஸ்வேர்டு சரியா பாருங்க, ஃபயர்வால் பாருங்க. தப்பான பதில் இல்லை, ஆனால் பாதிப் பதில். எடிட் பண்ணும்போது திரும்பக் கேட்டேன், எனக்கே திருப்தி இல்லை. அதனால் இந்த வார மடலை முழுசாக அதற்கே கொடுக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனெக்ஷன் எரரைப் பொறுமையாகப் படித்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் காரணத்தைப் பிடித்துவிடலாம். அது பெரிய வித்தை இல்லை. ஆனால் அதைச் சரிசெய்து ரிப்போர்ட் மறுபடி ஓடியதும் "முடிஞ்சது" என்று டிக்கெட்டை மூடுகிறோமே, அங்கேதான் தப்பு நடக்கிறது. மூடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த கனெக்ஷன் யார் பெயரில் இருக்கிறது? பதில் ஒரு தனி மனிதரின் பெயர் என்றால் பிரச்சினை இன்னும் முடியவில்லை. அடுத்த தேதிக்குத் தள்ளிப்போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தத் தனி மனிதர் நானாகவே இருந்திருக்கிறேன்.

உப்பு மூட்டைக் கதை

சில வருடங்களுக்கு முன் டொராண்டோ பக்கத்தில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் வேலை பார்த்தேன். கட்டடப் பராமரிப்புக்கான சாமான்கள் விற்கும் இடம். குளிர்காலத்தில் அங்கே முக்கியமான சரக்கு உப்பு. வாசற்படி, நடைபாதை, பார்க்கிங் எல்லாம் ஐஸ் பிடித்துப்போனால் மேலே தூவுவார்களே, அந்த உப்பு. எந்தக் கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று காட்டும் ஸ்டாக் ரிப்போர்ட்டை நான்தான் செய்தேன். ஒரு மதியப் பொழுதில் முடித்த வேலை.

டேட்டாபேஸோடு இணைக்க ஒரு லாகின் வேண்டும். முறைப்படி சர்வீஸ் அக்கவுண்ட் கேட்டால் ஃபார்ம் நிரப்ப வேண்டும், ரெண்டு வாரம் ஆகும். என் சொந்த விண்டோஸ் லாகினைப் போட்டேன். "இப்போதைக்கு ஓடட்டும், அப்புறம் மாத்திக்கலாம்." இந்த வாக்கியத்தை உங்களில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள் என்று கை தூக்கச் சொல்ல மாட்டேன்.

ரிப்போர்ட் ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காக ஓடியது. 90 நாளுக்கு ஒரு தடவை என் பாஸ்வேர்டு மாறும்போது, ரிப்போர்ட் சர்வரிலும் கையோடு மாற்றிவிடுவேன். அது என் தலைக்குள் மட்டும் இருந்த வேலை, எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பிறகு வேறு டீமுக்குப் போனேன். அடுத்த தடவை பாஸ்வேர்டு மாற்றியபோது ரிப்போர்ட் ஞாபகமே வரவில்லை.

அது ஜனவரி. ரிஃப்ரெஷ் தோற்றது. மறுபடி தோற்றது. சில தடவை தோற்றதும் ஷெட்யூல் தானாகவே நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் எனக்கு மெயில் வந்திருக்கிறது. ரிப்போர்ட் மெயில்கள் எல்லாம் தனி ஃபோல்டருக்குப் போகும்படி எப்போதோ ரூல் போட்டு வைத்திருந்தேன். அந்த ஃபோல்டரை நான் திறப்பதே இல்லை.

ரிப்போர்ட்டைத் திறந்தவர்களுக்கு எந்த எரரும் தெரியவில்லை. கடைசியாக வந்த டேட்டாவை அது காட்டிக்கொண்டே இருந்தது. அதே கலர், அதே சார்ட். எட்டு நாள் பழைய ஸ்டாக். அந்த எட்டு நாளில் உறைமழை வந்து போயிருந்தது, மூட்டைகளும் கிடங்கை விட்டுப் போயிருந்தன. ரிப்போர்ட்டைப் பார்த்து விற்பனைப் பிரிவு "இருக்கு, நாளைக்கே அனுப்பறோம்" என்று வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. வாங்கியவர்களில் முதியோர் தங்கும் கட்டடங்களைப் பராமரிக்கும் ஒருவரும் இருந்தார். அவர் போனில் கத்தியது இந்தக் கோடி அறை வரைக்கும் கேட்டதாம். யாரும் வழுக்கி விழுந்ததாகத் தகவல் வரவில்லை. அது எங்கள் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

மீட்டிங்கில் யாரைக் கேட்டார்கள் தெரியுமா? ரிப்போர்ட்டுகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்ட பெண்ணை. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கனெக்ஷன் என் பெயரில் இருப்பதே அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. மாலையில் எனக்கு மெசேஜ் அனுப்பினாள்: இதை நீங்கள்தானே செய்தீர்கள், ஏன் நின்றது என்று உங்களுக்கு ஏதாவது தெரியுமா? அப்போதுதான் அந்த ஃபோல்டரைத் திறந்தேன். மெயில்கள் வரிசையாகக் கிடந்தன.

அன்றைக்கே மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் மதியம்தான் சொன்னேன். அந்த ஒரு ராத்திரி அவள் தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்துக்கொண்டு இருந்திருப்பாள். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

சரி, இனி நேயரின் கேள்விக்கு வருவோம்.

எரர் எந்த இடத்தில் நின்றது?

கனெக்ஷன் எரர் என்று ஒன்று கிடையாது. ஐந்தாறு வெவ்வேறு பிரச்சினைகளுக்கு நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் அது. ரிப்போர்ட்டிலிருந்து டேட்டாபேஸுக்குப் போகும் கோரிக்கை, தெரியாத ஊரில் ஒருவர் வீட்டைத் தேடிப் போவது மாதிரி. முதலில் விலாசம் சரியாக இருக்க வேண்டும். வழி திறந்திருக்க வேண்டும். கதவைத் தட்டினால் பேசுகிற மொழி புரிய வேண்டும். நம்மை யார் என்று தெரிய வேண்டும். உள்ளே போனபின் எந்த அறைக்கு அனுமதி என்று பார்க்க வேண்டும். எரர் மெசேஜை முழுசாகப் படித்தால், எந்த இடம் வரைக்கும் போய் நின்றோம் என்பது தெரியும். அது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

முதல் இடம், விலாசம். ஆரக்கிளில் ஓஆர்ஏ-12154 வந்தால், நீங்கள் கொடுத்த பெயர் எந்த சர்வரைக் குறிக்கிறது என்றே உங்கள் கணினிக்குப் புரியவில்லை. கோரிக்கை இன்னும் வாசலைத் தாண்டவே இல்லை. சர்வர் டீமை எழுப்புவதில் பிரயோஜனம் இல்லை. ஓடிபிசியில் 'டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட்' என்று வருவதும் இதே ரகம். எஸ்க்யூஎல் சர்வரில் எரர் 26 வந்தால், சர்வரையோ அதற்குள் இருக்கும் இன்ஸ்டன்ஸையோ கண்டுபிடிக்க முடியவில்லை என்று அர்த்தம். பெயர் வைத்த இன்ஸ்டன்ஸ் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று சொல்வது எஸ்க்யூஎல் பிரவுசர் என்ற தனி சர்வீஸ், அது யூடிபி 1434இல் பதில் சொல்லும். அந்த சர்வீஸ் நின்றிருந்தாலோ ஃபயர்வால் அதை மறைத்தாலோ எரர் 26 வரும். இன்ஸ்டன்ஸின் போர்ட் எண் தெரிந்தால் சர்வர் பெயருக்குப் பிறகு காற்புள்ளி வைத்து அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். காற்புள்ளிதான், முக்காற்புள்ளி இல்லை. இந்த ஒரு புள்ளிக்கே பாதி நாள் போன கதை என்னிடம் உண்டு.

ரெண்டாவது, வழி. வழக்கமான போர்ட் எண்களை ஞாபகத்தில் வையுங்கள்: எஸ்க்யூஎல் சர்வர் 1433, ஆரக்கிள் 1521, மைஎஸ்க்யூஎல் 3306, போஸ்ட்கிரெஸ் 5432. இங்கே ரெண்டு விதமான தோல்வி உண்டு. 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்தால், பெரும்பாலும் அந்த மெஷின் வரைக்கும் போய்விட்டோம், அந்த போர்ட்டில் கேட்பதற்கு யாரும் இல்லை. ஆரக்கிளின் ஓஆர்ஏ-12541 இதைத்தான் சொல்கிறது: லிசனர் ஓடவில்லை. ரொம்ப நேரம் காத்திருந்து 'டைம்டு அவுட்' என்று வந்தால், நடுவில் ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

"பிங் பண்ணிப் பார்த்தேன், சர்வர் உயிரோட இருக்கு" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிங் போனால் மெஷின் இருக்கிறது என்றுதான் அர்த்தம், போர்ட் திறந்திருக்கிறது என்று இல்லை. பிங்கைத் தடுத்து வைத்துவிட்டு போர்ட்டை மட்டும் திறந்து வைத்திருக்கும் நெட்வொர்க்குகளும் உண்டு. போர்ட்டையே சோதியுங்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் என்ற கட்டளைக்கு சர்வர் பெயரையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால் போதும். அதை உங்கள் லேப்டாப்பிலிருந்து செய்யாதீர்கள். ரிப்போர்ட் எந்த மெஷினிலிருந்து டேட்டாபேஸுக்குப் போகிறதோ, அங்கிருந்து செய்யுங்கள்.

மூணாவது, மொழி. அதாவது டிரைவரும் என்கிரிப்ஷனும். நேற்று வரை ஓடியது, யாரும் எதையும் தொடவில்லை, இன்று ஓடவில்லை என்றால் இங்கேயும் பாருங்கள். யாரோ தொட்டிருப்பார்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஓடிபிசி டிரைவர் 18, 2022இல் வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில் என்கிரிப்ஷன் கேட்டால்தான் வரும், 18இல் அது தானாகவே கட்டாயம். டிரைவரை அப்டேட் செய்த மறுநாள், சர்டிபிகேட்டை நம்ப முடியவில்லை என்ற எரரோடு ரிப்போர்ட் நிற்கும். மைஎஸ்க்யூஎல் 8.0, 2018இல் வந்தபோதும் இப்படித்தான். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையை அதில் மாற்றினார்கள். பழைய டிரைவர் வைத்திருந்தவர்களுக்கு, பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே போக முடியவில்லை.

32 பிட், 64 பிட் குழப்பமும் இங்கேதான். ஓடிபிசியில் 64 பிட்டுக்கு ஒரு பட்டியல், 32 பிட்டுக்கு வேறு பட்டியல். ஒன்றில் போட்ட சிஸ்டம் டிஎஸ்என் மற்றதன் கண்ணுக்குத் தெரியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், 64 பிட் விண்டோஸில் 64 பிட் ஓடிபிசி மேனேஜர் இருக்கும் ஃபோல்டரின் பெயர் சிஸ்டம்32. 32 பிட் இருக்கும் ஃபோல்டரின் பெயர் சிஸ்வாவ்64. ரெண்டு நிரல்களுக்கும் ஃபைல் பெயர் ஒன்றே. இதில் குழம்பியவர்கள் தங்களை முட்டாள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நாலாவது, ஆள் அடையாளம். எஸ்க்யூஎல் சர்வரில் 18456, லாகின் தோல்வி. ஆரக்கிளில் ஓஆர்ஏ-01017. இது வந்தால் ஒரு விதத்தில் சந்தோஷப்படுங்கள். விலாசம், வழி, டிரைவர் எல்லாம் சரி, சர்வர் உங்களோடு பேசுகிறது. நெட்வொர்க் டீமைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. 18456க்குப் பக்கத்தில் ஸ்டேட் என்று ஒரு எண் இருக்கும். உங்கள் திரையில் அது எப்போதும் 1 என்றே தெரியும். வெளியாளுக்குத் துப்புக் கொடுக்கக் கூடாது என்று வேண்டுமென்றே மறைக்கிறார்கள். உண்மையான எண் சர்வரின் எரர் லாகில் இருக்கும். 5 என்றால் அப்படி ஒரு யூசரே இல்லை. 8 என்றால் பாஸ்வேர்டு தப்பு. டிபிஏவிடம் "லாகின் ஆகல" என்று சொல்வதற்குப் பதில் "லாகில் ஸ்டேட் என்ன எண்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சே மாறிவிடும்.

யூசர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அனானிமஸ் லாகான்' என்று வந்தால் அது தனி விஷயம். நீங்கள் ரிப்போர்ட் சர்வரில் விண்டோஸ் லாகினோடு நுழைகிறீர்கள். அது உங்கள் சார்பில் இன்னொரு மெஷினில் இருக்கும் டேட்டாபேஸிடம் போக வேண்டும். கெர்பெரோஸ் ஒழுங்காக அமைக்கப்படாவிட்டால் உங்கள் அடையாளம் அந்த ரெண்டாவது தாவலில் கழன்றுவிடும். டேட்டாபேஸுக்குப் பெயரில்லாத ஆள் வந்து நிற்பதாகத் தெரியும். பாஸ்வேர்டை எத்தனை தடவை மாற்றினாலும் இது தீராது.

ஐந்தாவது, அறை. 4060 என்றால் சர்வர் உங்களை உள்ளே விட்டது, நீங்கள் கேட்ட டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை. பெயர் தப்பாக இருக்கலாம், அனுமதி இல்லாமல் இருக்கலாம். இடமே இல்லை என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை கனெக்ஷன் என்பதற்கு போஸ்ட்கிரெஸில் ஆரம்ப வரம்பு 100, மைஎஸ்க்யூஎல்லில் 151. ஒரு டாஷ்போர்டில் இருபது சார்ட் வைத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக டேட்டாபேஸைக் கேட்டு, அதைக் காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் சேர்ந்து திறந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. 'டைம்அவுட்' என்று வருவதெல்லாம் கனெக்ஷன் எரர் இல்லை. டாட்நெட் வழியாக எஸ்க்யூஎல் சர்வருக்குப் போனால், இணைவதற்கு 15 வினாடி, கேள்விக்குப் பதில் வர 30 வினாடி என்று ரெண்டு தனி வரம்புகள் ஆரம்பத்தில் இருக்கும். ரெண்டாவது தாண்டினால், கனெக்ஷன் நன்றாகவே இருக்கிறது, உங்கள் குவெரிதான் மெதுவாக ஓடுகிறது.

அவசர வைத்தியம்

இவ்வளவையும் ஏன் விலாவாரியாகச் சொன்னேன்? எந்த இடத்தில் நின்றது என்று பார்க்காமல் நாம் கொடுக்கும் அவசர வைத்தியங்கள் எரரை மறைக்கும், நோயை மறைக்காது.

லாகின் ஆகவில்லையா, அட்மின் லாகினைப் போடு. ஓடும். இனி ஒரு விற்பனை ரிப்போர்ட்டுக்கு டேட்டாபேஸையே அழிக்கும் அதிகாரம் இருக்கிறது. சர்டிபிகேட்டை நம்பவில்லையா, 'எதுவானாலும் நம்பு' என்ற ஆப்ஷனைப் போடு. ஓடும். எதிர்முனையில் இருப்பது நிஜமாகவே நம் சர்வர்தானா என்று இனி யாரும் சரிபார்க்கப்போவதில்லை. கிளவுட் டேட்டாபேஸ் ஐபியைத் தடுக்கிறதா, எல்லா ஐபியையும் அனுமதி. ஓடும். உலகத்துக்கே வாசலைத் திறந்துவிட்டாய். யாருடைய லாகினாவது வேலை செய்கிறதா, அதையே போடு. அதுதான் நான் செய்தது.

சொந்த லாகினில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆரக்கிளின் டீஃபால்ட் ப்ரொஃபைலில் 10 தடவை தப்பான பாஸ்வேர்டு போனால் அக்கவுண்ட் பூட்டிக்கொள்ளும், 180 நாளில் பாஸ்வேர்டு காலாவதியாகும். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மறந்துவிடுகிறீர்கள். ரிப்போர்ட் பழைய பாஸ்வேர்டோடு ராத்திரி முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கிறது. காலையில் வந்தால் உங்களாலேயே உள்ளே போக முடியாது. ரிப்போர்ட் உங்களைப் பூட்டிவிட்டது.

நம் ஆட்கள் பலருக்கு இந்த விஷயம் ரெண்டு பக்கமும் தெரியும். டொராண்டோவில் காலை எட்டு மணிக்கு ரிப்போர்ட் திறக்கவில்லை என்று ஒருவர் டிக்கெட் போடுகிறார். அது சென்னையில் சாயங்காலம் ஆறரைக்கு ஷிஃப்டில் இருக்கும் இன்னொருவரின் திரையில் விழுகிறது. டிக்கெட்டில் என்ன இருக்கும்? "ரிப்போர்ட் வேலை செய்யவில்லை, அவசரம்" என்று ஒரு வரி, முதல் வரி மட்டும் தெரிகிற மாதிரி வெட்டிய ஒரு ஸ்க்ரீன்ஷாட். எரர் எண் கீழே மடிந்து கிடக்கும், 'டீட்டெய்ல்ஸ்' என்று ஒரு பட்டன் இருந்திருக்கும், யாரும் அமுக்கியிருக்க மாட்டார்கள். அந்த ஷிஃப்ட்காரர் இருட்டில் தேடுகிறார். இந்தப் பக்கம் இருக்கும் நாம், தயவுசெய்து முழு மெசேஜையும் எழுத்தாகவே காப்பி செய்து அனுப்புவோம். எந்த மெஷினில், எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது ஓடியது, எல்லோருக்கும் வருகிறதா ஒருவருக்கு மட்டுமா. இந்த நாலையும் எழுத நமக்கு ரெண்டு நிமிடம். அவருக்கு ஒரு ராத்திரி மிச்சம்.

"எங்க ஆபீஸ் சின்னது அண்ணா"

இதைச் சொல்லும்போதெல்லாம் வரும் பதில் இது. ஐடி டீமே ஒரே ஆள்தான், சர்வீஸ் அக்கவுண்ட், கேட்வே, டாக்குமெண்ட் எல்லாம் பெரிய கம்பெனிக்கு. நியாயமான பேச்சுதான். நூறு ரிப்போர்ட்டுக்கும் இதைச் செய்யச் சொன்னால் நானே ஓடிப்போவேன். ஒருவர் தன் சொந்தக் கணக்குக்கு வைத்திருக்கும் எக்செலுக்கு சர்வீஸ் அக்கவுண்ட் கேட்டால் அது அபத்தம்.

ஆனால் ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து வேறு யாரோ முடிவு எடுக்கிறார்கள் என்றால், சரக்கு வாங்குகிறார்கள், சம்பளம் போடுகிறார்கள், ஒருவருக்கு வாக்குக் கொடுக்கிறார்கள் என்றால், அது உங்கள் சொந்த விஷயம் இல்லை. அப்படிப்பட்டவை எந்த ஆபீஸிலும் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருக்கும். அவற்றுக்கு மட்டும் செய்தால் போதும். ஒரே ஆள் இருக்கிற ஆபீஸில்தான் இது இன்னும் முக்கியம். அந்த ஒரு ஆள் ரெண்டு வாரம் ஊருக்குப் போனால் எல்லாம் அவர் பாஸ்வேர்டில் தொங்கிக்கொண்டிருக்கும். மீனம்பாக்கத்தில் இறங்கியதும் முதல் போன் ஆபீஸிலிருந்து வந்த அனுபவம் உங்களில் சிலருக்காவது இருக்கும்.

நான் கேட்பது நாலே விஷயம்.

ஒன்று, ரிப்போர்ட்டுக்கென்று தனி லாகின். படிக்க மட்டும் அனுமதி, அதுவும் தேவையான டேபிள்களுக்கு மட்டும். மனிதர் யார் வந்தாலும் போனாலும் அது மாறாது. அதன் பாஸ்வேர்டு எப்போது மாறும், எங்கெல்லாம் மாற்ற வேண்டும் என்பது டீம் காலண்டரில் இருக்க வேண்டும், ஒருவர் தலைக்குள் இல்லை.

ரெண்டு, தோல்வி மெயில் ஒரு ஆளுக்குப் போகக் கூடாது. பவர் பிஐயில் ரிஃப்ரெஷ் தோற்றால் மெயில் முதலில் போவது அந்த டேட்டாசெட்டின் ஓனருக்கு. தொடர்ந்து நாலு தடவை தோற்றால் ஷெட்யூலே நிறுத்தப்படும். ரெண்டுமே நியாயமான ஏற்பாடுகள்தான், ஓனர் அந்த மெயிலைப் படிக்கிறவராக இருந்தால். வேறு ஆட்களையும் சேர்க்க அதிலேயே வசதி இருக்கிறது. குறைந்தது ரெண்டு பேரைச் சேருங்கள், அதில் ஒருவர் ரிப்போர்ட்டைப் பயன்படுத்துகிறவராக இருக்கட்டும்.

மூணு, ரிப்போர்ட்டின் மேலே, மூலையில் இல்லை, மேலே, பெரிய எழுத்தில் "இந்த டேட்டா எத்தனை மணி நிலவரம்" என்று போடுங்கள். ரிப்போர்ட் திறந்த நேரத்தைப் போடாதீர்கள், அது எப்போதும் இன்றைய தேதியைத்தான் காட்டும். டேட்டாபேஸிலிருந்து கடைசியாக வந்த பதிவின் நேரத்தைப் போடுங்கள். ஒரு நாளுக்கு மேல் பழையதானால் சிவப்பாகட்டும். எங்கள் ஸ்டாக் ரிப்போர்ட்டில் இந்த ஒரு வரி இருந்திருந்தால், விற்பனைப் பிரிவில் யாராவது ஒருவர் ரெண்டாம் நாளே கேட்டிருப்பார்.

நாலு, ஒரு பக்கம் எழுதி வையுங்கள். எந்த சர்வர், எந்த போர்ட், எந்த டிரைவர், எத்தனை பிட், எந்த லாகின், எந்த மெஷினிலிருந்து போகிறது, எரர் வந்தால் யாரைக் கேட்பது. பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம். மேலே சொன்ன ஐந்து இடங்களுக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருந்தால், புதிதாக வருகிறவரால் எரரை வைத்து எங்கே நின்றது என்று தானே கண்டுபிடிக்க முடியும்.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம்? ஒரு ரிப்போர்ட்டுக்கு அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் அக்கவுண்டுக்குக் காத்திருக்கும் ரெண்டு வாரம் தனி. நான் மிச்சம் பிடிக்க நினைத்தது அந்த ரெண்டு வாரத்தைத்தான். அதன் விலையைக் கொடுத்தது நான் இல்லை, ரிப்போர்ட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்ட அந்தப் பெண்.

அவள் அதற்குப் பிறகு செய்த முதல் வேலையையும் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட் சர்வரில் இருந்த எல்லா கனெக்ஷன்களையும் ஒரு ஷீட்டில் எடுத்து, பக்கத்தில் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு காலம் போட்டாள். அதில் இருந்த பெயர்களில் மூணு பேர் அந்த நிறுவனத்திலேயே இல்லை. என் பெயர் ஆறு இடத்தில் இருந்தது. "இதை எப்ப மாத்தப்போறீங்க?" என்று ஷீட்டை அனுப்பிக் கேட்டாள். கோபம் இருந்திருக்கலாம், காட்டவில்லை. அந்த வாரமே ஆறையும் மாற்றினேன். ஃபார்ம் நிரப்பி, ரெண்டு வாரம் காத்திருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன். நடந்ததைச் சொன்னதும் ரெண்டே நாளில் சர்வீஸ் அக்கவுண்ட் வந்தது.

இந்த வாரம் நேரம் கிடைத்தால் நீங்களும் அந்த ஷீட்டைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எங்களுக்கு எழுதுங்கள், பெயரைச் சொல்லாமல் அடுத்த எபிசோடில் படிக்கிறேன். வாய்ஸ் நோட் அனுப்பிய தம்பி, உங்கள் எரரின் முழு மெசேஜையும் அனுப்புங்கள். முதல் வரியை மட்டும் இல்லை, எல்லாவற்றையும்.

அடுத்த வாரம் சந்திப்போம். பனி கொட்டுகிற ஊரில் இருப்பவர்கள் பார்த்து நடங்கள்.